மலிவுப் பங்கு: விற்பவன் யார்?

"பங்கு விலை இரண்டே ரூபாய். அடுத்த வாரம் கம்பெனியின் லாபக் கணக்கு வெளிவருகிறது. கணக்கு வந்ததும் விலை எகிறிவிடும். அதற்குள் வாங்கிப் போடு. பத்துப் போட்டால் நூறு!"

இப்படி ஒரு சேதி கைபேசி வழியாக நாடெங்கும் உலவுகிறது. யார் எழுதினார்கள், எங்கிருந்து கிளம்பியது என்று அனுப்புகிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவன் கையிலும் இது வந்து விழுகிறது. களையெடுத்துக் கூலி வாங்கி வருகிற வீட்டிலும் விழுகிறது. கோட்டைப்பட்டினம் கடற்கரையில் படகு கட்டிக் கிடக்கும் நாட்களில், வலை பின்னுகிறவன் மடியிலும் விழுகிறது. கோடீஸ்வரர்களின் ஆட்டமாக இருந்த பங்கு மார்க்கெட் இன்று கூலிக்காரனின் முந்தானை முடிச்சைத் தேடி வந்திருக்கிறது.

இந்தச் சேதியைப் படிக்கும் ஒவ்வொரு தோழரும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் வாங்க வேண்டுமானால் இன்னொருவன் விற்க வேண்டும். அடுத்த வாரம் இருபது ரூபாய் ஆகப்போகிற சரக்கை, இன்றைக்கு இரண்டு ரூபாய்க்கு நமக்கு விற்கச் சம்மதிக்கிற அந்தப் புண்ணியவான் யார்? அவன் ஏன் விற்கிறான்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மோசடி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மலிவு என்ற மாயை

முதலில் இந்த "மலிவு" என்ன என்று பார்ப்போம். ஒரு கம்பெனியைப் பல துண்டுகளாகப் பிரித்து விற்பதுதான் பங்கு. ஒரு பெரிய மீனைப் பத்துத் துண்டாக்கினால் துண்டுக்கு ஒரு விலை. நூறு துண்டாக்கினால் துண்டின் விலை குறையும். அதனால் மீன் மலிவாகிவிடுமா? அழுகிய மீனை ஆயிரம் துண்டாக்கினாலும் அது அழுகிய மீன்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கு 100 கோடி பங்குகள். பங்கு 2 ரூபாய். அப்படியானால் அந்தக் கம்பெனிக்கு மார்க்கெட் போட்டிருக்கும் விலை 200 கோடி ரூபாய். கடன் போக அதனிடம் இருக்கும் நிலம், மெஷின், சரக்கு எல்லாம் 20 கோடிதான் பெறும், லாபமும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் பங்கின் நிஜ மதிப்பு 20 காசு. இருபது காசுச் சரக்கை இரண்டு ரூபாய்க்கு வாங்கிவிட்டு, "மலிவாகக் கிடைத்தது" என்று சந்தோஷப்படுகிறோம். 2,000 ரூபாய்ப் பங்கைப் பார்த்துப் பயப்படுகிற ஏழை, 2 ரூபாய்ப் பங்கைப் பார்த்து ஏமாறுகிறான். இந்த மனசு மோசடிக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு பொறியும் உண்டு. பல மலிவுப் பங்குகளுக்கு, ஒரே நாளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலை ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது என்று மார்க்கெட் எல்லை கட்டியிருக்கிறது. ஏறும்போது தினமும் ஐந்து ஐந்தாக ஏறும். "பார், தினமும் ஏறுகிறது" என்று ஊரே பேசும். இறங்கும்போது என்ன ஆகும்? காலையில் மார்க்கெட் திறந்ததும் விலை எல்லையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விற்க லட்சம் பேர் நிற்பார்கள், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். நாள் தவறாமல் விலை விழும், நம்மால் விற்க முடியாது. வாய்க்காலில் வைக்கும் பறியைப் போன்றது இது. மீன் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது.

தலைமடையும் கடைமடையும்

லாபக் கணக்கு வெளிவரும் முன்பே அது நல்ல கணக்கா, கெட்ட கணக்கா என்று யாருக்குத் தெரியும்?

அறந்தாங்கி, நாகுடி வட்டாரத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. கால்வாயில் தண்ணீர் விட்ட சேதி முதலில் தலைமடைக்குப் போகும். அங்கே வயல் நிறைந்து, நடுமடையும் நிறைந்து, மிஞ்சியது இருந்தால் கடைமடைக்கு வரும். லாபச் செய்தியும் இதே பாதையில்தான் வருகிறது.

மார்ச் 31-ல் வருஷக் கணக்கு முடிகிறது. கணக்கைக் கூட்டுகிற நிர்வாகிக்கு முதலில் தெரியும். டைரக்டர்களுக்குத் தெரியும். ஆடிட்டருக்குத் தெரியும். அவர்களுடைய உற்றார் உறவினருக்குக் காதோடு காதாகத் தெரியும். பிறகுதான் டைரக்டர்கள் கூட்டம் போட்டு, கணக்கை ஒப்புக்கொண்டு, பங்கு மார்க்கெட்டுக்கு அறிவிக்கிறார்கள். இதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. மற்ற மூன்று காலாண்டுகளுக்கு 45 நாள்.

சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. காலாண்டு முடிந்த நாள் முதல், கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, உள்விவரம் தெரிந்த நிர்வாகிகள் தங்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்று பங்கு மார்க்கெட் கண்காணிப்பு வாரியமான செபி விதி வகுத்திருக்கிறது. ஏன் இந்த விதி? அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும் என்பதால்தானே? மைத்துனன் பெயரிலும் பினாமி பெயரிலும் நடப்பதை இந்த விதி எவ்வளவு தடுக்கும் என்பது வேறு கதை.

ஆகவே நல்ல சேதி நிஜமாகவே இருந்தால், தலைமடைக்காரன் முதலில் தன் வயலை நிரப்பிக்கொள்வான். கடைமடையில் இருக்கும் கூலிக்காரனைத் தேடிவந்து, காசு வாங்காமல், "நாளைக்குத் தண்ணீர் வருகிறது" என்று சொல்ல மாட்டான். அப்படி ஒருவன் சொல்கிறான் என்றால், தன்னிடம் இருக்கும் அழுகிய சரக்கைத் தள்ள அவனுக்கு ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

சாதனா கம்பெனியின் கதை

இது நாம் கட்டிய கதையா? செபியின் உத்தரவுகளைப் பாருங்கள்.

சாதனா பிராட்காஸ்ட் என்று ஒரு டெலிவிஷன் கம்பெனி. 2022-ல் நடந்த கூத்து இது. முதல் கட்டத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ள ஒரு கூட்டம் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையை மெல்ல மெல்ல ஏற்றியது. சந்தையில் இருவர் ஒரே கூடை மீனை மாற்றி மாற்றி ஏலம் கேட்டு விலை ஏற்றுவது போல. இரண்டாம் கட்டம் ஜூலை மாதத்தில். "தி அட்வைசர்", "மணிவைஸ்" என்ற யூடியூப் சேனல்களில் வீடியோக்கள் வெளிவந்தன. அதானி குழுமம் இந்தக் கம்பெனியை வாங்கப் போகிறதாம்! கம்பெனியின் லாபம் பிரமாதமாக உயரப் போகிறதாம்! நான்கு பக்திப் படம் எடுக்க அமெரிக்கக் கம்பெனி ஒன்று 1,100 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம்! அத்தனையும் பொய். இந்தப் பொய் பெருவாரியான ஜனங்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்து விளம்பரமும் செய்தார்கள்.

விளைவு என்ன? அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த சிறு பங்குதாரர்கள் 2,167 பேராக இருந்தார்கள். அந்த எண்ணிக்கை 55,343 ஆயிற்று. சுமார் 53,000 பேர் புதிதாக வலையில் விழுந்தார்கள். இவர்கள் முண்டியடித்து வாங்கிய அதே நாட்களில் விற்றவர்கள் யார்? கம்பெனியை நடத்தியவர்களும் முக்கிய நிர்வாகிகளும் அவர்களைச் சேர்ந்த கூட்டமும்தான்! "விற்பவன் யார்?" என்ற நம் கேள்விக்குப் பதில் இதோ எழுத்து மூலமாகவே இருக்கிறது.

2023 மார்ச் 2-ம் தேதி செபி இடைக்கால உத்தரவு போட்டது. இறுதி உத்தரவு வந்தது 2025 மே 29-ல். 59 பேருக்கு ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை மார்க்கெட்டில் நுழையத் தடை. முறைகேடாகச் சேர்த்த 58 கோடி ரூபாயை 12 சதவீத வட்டியோடு கட்ட உத்தரவு. அந்த 58 கோடியை 53,000 பேருக்குத் தோராயமாக வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. பங்களாக்காரனுக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. விவசாயக் கூலிக்கு அது ஒரு பருவத்துச் சேமிப்பு.

பொய் பரவியது 2022 ஜூலை. தீர்ப்பு 2025 மே. ஏறக்குறைய மூன்று வருஷம்! வசூலாகும் பணமும் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குத்தான் போகிறது. ஏமாந்தவன் கைக்கு அது திரும்பி வருவது அபூர்வம்.

ஒரு கம்பெனியோடு இது நின்றதா? 2024 டிசம்பரில் பாரத் குளோபல் டெவலப்பர்ஸ் என்ற கம்பெனி பற்றி செபி உத்தரவு போட்டது. ஒரு வருஷத்தில் 16 ரூபாயிலிருந்து 1,702 ரூபாய்க்கு, அதாவது நூறு மடங்குக்கு மேல், விலை ஏறியிருந்தது. ரிலையன்ஸ், டாடா போன்ற பெரிய பெயர்களைச் சொல்லி, ஆர்டர் கிடைத்ததாகக் கம்பெனி அறிவித்ததே காரணம். அந்த ஆர்டர்கள் மெய்யல்ல என்று அந்த இடைக்கால உத்தரவு சொல்கிறது. ஆட்கள்தான் வேறு, ஆட்டம் அதேதான்.

லாபக் கணக்கே பொய்யானால்?

"வதந்தியை நம்ப வேண்டாம், வெளியிட்ட கணக்கை நம்பலாமே?" என்று சிலர் கேட்கலாம். மில் தொழிலாளிக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்கள் சொல்லட்டும். 8.33 சதவீதத்துக்கு மேல் கேட்டால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "இந்த வருஷம் நஷ்டம், பஞ்சு விலை ஏறிவிட்டது, நூல் தேங்கிக் கிடக்கிறது" என்று பாலன்ஸ் ஷீட்டை எடுத்து நீட்டுகிறது. தேய்மானம் எவ்வளவு எழுதியிருக்கிறான், சொந்தக்காரக் கம்பெனிக்கு என்ன விலையில் விற்றிருக்கிறான் என்று சங்கத் தலைவர்கள் வரி வரியாகத் துருவுகிறார்கள். போனஸ் பேச்சில் துருவிப் பார்க்கிற கணக்கை, பங்கு வாங்கும்போது மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா?

தொழிலாளிக்குக் காட்ட நஷ்டக் கணக்கு. பங்கு வாங்குகிறவனுக்குக் காட்ட லாபக் கணக்கு. இரண்டாவது வகைக்குச் சத்யம் கம்பெனி பெரிய சாட்சி. ஐதராபாத்தைச் சேர்ந்த இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி மலிவுப் பங்குக் கம்பெனி அல்ல. நியூயார்க் மார்க்கெட்டிலும் பதிவான கம்பெனி. உலகப் பெயர் பெற்ற ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்ட கணக்கு. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்குக் காட்டிய லாபம் 649 கோடி ரூபாய். நிஜத்தில் 61 கோடி! பாங்கியில் இருப்பதாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 179 ரூபாயிலிருந்து சுமார் 40 ரூபாய்க்கு விழுந்தது. 2015 ஏப்ரலில் ஏழு வருஷ ஜெயில் தண்டனை. அடுத்த மாதமே ஜாமீனில் விடுதலை.

ஆடிட்டரும் அமெரிக்காவும் பார்த்த கம்பெனியில் இது நடக்குமானால், இரண்டு ரூபாய்க் கம்பெனியின் கணக்கை யார் பார்த்தார்கள்?

அன்று முந்த்ரா

பழைய தோழர்களுக்கு 1957-ம் வருஷம் நினைவிருக்கும். கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற யூக வியாபாரி. பங்கு மார்க்கெட் ஆட்டத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அவர் கையிலிருந்த கம்பெனிப் பங்குகளை, சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுத்து, அப்போதுதான் பொதுத்துறைக்கு வந்திருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கியது. கான்பூர் ஆலைகளை வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனின் பங்குகளும் அவற்றில் அடக்கம். லட்சக்கணக்கான பாலிசிதாரர்களின் பணம் அது.

1957 டிசம்பரில் பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி இதை அம்பலப்படுத்தினார். ஆளும் கட்சி மெம்பரே ஆளும் கட்சி மந்திரியைக் கேள்வி கேட்டார். நீதிபதி சாக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். டிசம்பரில் கேள்வி, பிப்ரவரியில் ராஜினாமா!

இன்று நிலைமை என்ன? 53,000 பேர் ஏமாந்ததற்கு மூன்று வருஷம் கழித்து ஓர் உத்தரவு. எந்த மந்திரியின் நாற்காலியும் ஆடவில்லை. அன்று அழுகிய பங்கைத் தள்ள ஒரு கார்ப்பரேஷனின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு குடிசையின் கதவையும் கைபேசி வழியே தட்டுகிறார்கள். ஏமாற்றப்பட்டது ஒரு கார்ப்பரேஷன் என்றால் பார்லிமெண்ட் கேட்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் வீதம் சிதறிக் கிடக்கும் ஏழைகள் என்றால் யாரும் கேட்பதில்லை.

ஏன் விழுகிறார்கள்?

ஏமாந்தவனைப் பார்த்துப் "பேராசை" என்று பழிப்பது சுலபம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். உழைத்து மிச்சம் பிடித்த காசு பெருக வேண்டும் என்று நினைப்பதில் என்ன பாவம்? பாங்கியில் போட்ட பணத்தின் வட்டியை விலைவாசி தின்றுவிடுகிறது. மகள் கல்யாணம், மகன் படிப்பு, தாயாரின் வைத்தியம் எல்லாம் கடனில் ஓடுகிறது. கூலி உயரவில்லை என்றால் மனிதன் குறுக்கு வழியைத்தான் பார்ப்பான். 2020 மார்ச்சில் நாட்டில் பங்குக் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024 ஆகஸ்டில் அது 17 கோடியைத் தாண்டிவிட்டது. செல்வம் பெருகியதால் மட்டும் வந்த கூட்டமல்ல இது. வேறு வழி தெரியாமல் வந்தவர்களும் இதில் ஏராளம்.

காலமும் மோசடிக்காரனுக்குத் துணை நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக் கூலிக்கு வேலை கிடையாது. கையில் நிவாரணப் பணம் சிறிது இருக்கும், நேரம் நிறைய இருக்கும். வயலிலும் அறுவடை முடிந்து வேலையற்ற கோடை. கம்பெனிகளின் வருஷக் கணக்கு வெளிவரும் காலமும் அதுவேதான், மே 30 வரை. இரண்டாம் காலாண்டுக் கணக்கு வெளிவரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மில் தொழிலாளியின் கையில் தீபாவளி போனஸ் வந்து சேரும் காலம். வேலையற்ற நேரத்திலும் காசு வந்த நேரத்திலும் இந்தச் சேதி வந்து நிற்கிறது.

மலிவுப் பங்கில் விட்டதைப் பிடிக்கப் போகிறவன் அடுத்த குழியில் விழுகிறான். ஆப்ஷன் என்றும் பியூச்சர் என்றும் சொல்லப்படும் யூக வியாபாரம்தான் அந்தக் குழி. 2024 மார்ச்சில் முடிந்த மூன்று வருஷங்களில் இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். கணக்குச் சொன்னது செபியேதான்.

செய்ய வேண்டியது

தோழர்களே! இப்படிச் சேதி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்கிறவன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகனா? அவன் கையில் அந்தப் பங்கு இருக்கிறதா? இன்று அதை விற்கிறவன் யார்? பதில் இல்லையென்றால் சேதியை அழித்துவிடுங்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புகிறவன் அறியாமலே மோசடிக்காரனுக்குக் கூலியில்லாத ஏஜெண்டாகிறான். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பங்கு வாங்கவே வாங்காதீர்கள். பங்கு வியாபாரம் என்று சொல்லிப் போலிச் செயலியில் பணம் கட்ட வைத்து ஏமாற்றினால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. பங்கு மோசடியைப் பற்றி செபியின் "ஸ்கோர்ஸ்" புகார் முறையில் எழுதலாம். ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொருவரும் அடுத்தவர் ஏமாற வழி விடுகிறார்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மோசடி வழக்குகளை மாதக் கணக்கில் முடிக்க வேண்டும், வருஷக் கணக்கில் அல்ல. வசூலாகும் பணம் முதலில் ஏமாந்த சிறு பங்குதாரருக்குப் போய்ச் சேர வேண்டும். மார்க்கெட்டில் நுழையத் தடை என்பது தண்டனை ஆகாது. கோழி திருடியவனுக்கு ஜெயில், 58 கோடி சுருட்டியவனுக்கு ஐந்து வருஷ ஓய்வா? காசு வாங்கிக்கொண்டு பொய் விளம்பரத்தைப் பரப்பும் பெரிய கம்பெனிகளும் பொறுப்பேற்க வேண்டும்.

சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. போனஸ் காலத்திலும் தடைக்காலத்திலும் மில் வாசலிலும் மீன் இறங்குதளத்திலும் கூட்டம் போட்டு இதை விளக்க வேண்டும். பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த தோழர்கள் பத்துப் பேருக்குக் கற்றுத்தர வேண்டும். தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களை உயிர்ப்பிக்க வேண்டும். அங்கே பத்து மடங்கு லாபம் கிடைக்காது. ஆனால் அங்கே கணக்கு மகாசபையில் நம் கண்முன் வைக்கப்படும், நாம் கேள்வி கேட்கலாம்.

லாபம் மெஷினிலிருந்தும் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் நம் கைகளால் வருகிறது. அதில் நமக்குச் சேர வேண்டிய பங்கைக் கூலியாகவும் போனஸாகவும் கேட்டு வாங்கும் இடம் பேச்சுவார்த்தை மேஜை. அந்த மேஜையில் "நஷ்டம்" என்று கையை விரிப்பவன், கைபேசியில் "லாபம், லாபம்" என்று கூவினால் நம்பாதீர்கள்!